கீபோர்ட் பைக்குள் வந்த துவக்கு

சென்ற மாதம் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் எங்களுக்கென்று இருக்கும் கம்பிவலைக் கூண்டைத் துப்புரவாக்கினோம். பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். துப்புரவாக்கியது மனைவி. நான் அவள் எறிய எடுத்த ஒவ்வொன்றையும், "ஐயோ, இது பிறகு தேவைப்படும்" என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீளமான ஒரு கறுப்புப் பை அவள் கையில் அகப்பட்டது.

"கீபோர்ட் மேல வீட்டில இருக்கு. இந்தப் பை கீழ என்ன செய்யுது?"

"அது கீபோர்ட்டுக்கெண்டு வாங்கின பை இல்லை."

அவள் கையை உயர்த்தினாள். "வேண்டாம். அன்ரி வீட்டுக் கதையைத் திருப்பித் தொடங்காதேங்கோ. எனக்கு மேல உலை கொதிக்குது."

அவள் போய்விட்டாள். நான் பையை முகர்ந்து பார்த்தேன். பதினான்கு வருடத்துக்குப் பிறகும் மடிப்புக்குள் எண்ணெய் மணம் இருந்தது. மனைவி கேட்காவிட்டால் என்ன, நீங்கள் இருக்கிறீர்கள்.

ஒன்பது வயதில் அம்மாவோடு இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்தவன் நான். இருபதாவது வயதில் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்தது. அடுத்த தபாலிலேயே கட்டாயச் சேவைக்கு வரச்சொல்லி இராணுவத்திடமிருந்து கடிதமும் வந்தது. தட்டைப் பாதம், கண்ணாடி, ஓடினால் இளைப்பு, ஓடாவிட்டால் பேச்சு என்று என்னிடம் இருந்த குறைகள் எல்லாவற்றையும் மருத்துவப் பரிசோதனையில் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைச் சமையல்காரனாக எடுத்தார்கள்.

டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி முதுகு வளைந்த என் சித்தப்பாதான் மகிழ்ச்சியில் துள்ளினார். "நாங்கள் வந்து கோப்பை கழுவினம். நீ அரசாங்கத்துக்கே சமைக்கிறாய். முன்னேற்றம்தானேடா!"

சமையல்காரனுக்கும் சுடத் துவக்குக் கொடுப்பார்கள் என்பது சித்தப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பயிற்சி முடிந்ததும் அதை வீட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள். அலுமாரிக்குள், வேட்டி சால்வைக்குப் பக்கத்தில் அது நின்றது.

இந்த நாட்டுக்காரருக்கு அது குடை மாதிரி. ஞாயிறு மாலை ரயிலில் பெடியங்கள் அதை முழங்காலுக்கிடையில் நிறுத்திவைத்துக்கொண்டு நித்திரை கொள்வார்கள். கோப்பிக் கடையில் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் கொக்கியில் மாட்டிவிட்டு வெண்ணெய்ப் பாண் கேட்பார்கள். ஒருமுறை என்னோடு சமைத்த சுவிஸ்காரன் ஒருவன் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாசலில் நின்று நான் துவக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்க, அவனுடைய தாய் எட்டிப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: "கம்பளத்தில் வைக்காதே, எண்ணெய் சிந்தும்." அந்த வீட்டில் துவக்குக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

எங்கள் வீடுகள் அப்படி இல்லை.

வின்டர்தூரில் என் நண்பனின் தாய் இருந்தா. அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக் காலத்தில் நாங்களும் வின்டர்தூரில்தான் இருந்தோம். அம்மாவுக்கு மாலை வேலை. எனக்கு இரவுச் சாப்பாடு அன்ரி வீட்டில். முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, பேசிப் பேசியே இரண்டு பெடியங்களுக்குப் புட்டு அவிப்பா. பிறகு நான் வேலைக்காகத் திரிம்பாக் பக்கம் போய்விட்டேன். இருந்தாலும் எனக்கு "வீடு" என்றால் அந்த நாலாம் மாடிதான்.

நான் துவக்கோடு பயிற்சி முடித்து வந்த செய்தி கேட்டு அன்ரி தொலைபேசியில் சொன்னா: "நீ வா. எப்பவும் வா. ஆனா அதைக் கொண்டு என்ர வாசல்படி மிதிக்கப்படாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமா அன்ரி. நான் என்ன விசரனோ?"

விசரன்தான் என்று பத்து வருடத்துக்குப் பிறகு நிரூபித்தேன்.

துவக்கு வைத்திருப்பவன் வருடத்துக்கு ஒருமுறை கிராமத்துச் சுடும் திடலுக்குப் போய் இருபது வேட்டுச் சுட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். ஓகஸ்ட் முடிவதற்குள் எத்தனையோ சனிக்கிழமைகள் தருவார்கள். நான் எல்லாச் சனிக்கிழமைகளையும் அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தேன். கடைசிச் சனி மட்டும் மிஞ்சியது. அன்றைக்குத்தான் நண்பனின் முதல் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு.

வெறும் விருந்தாளியாக இருந்திருந்தால் பிந்திப் போயிருக்கலாம். நண்பனின் மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. அவன் கனடாவில், வரமுடியாத நிலை. "நீதான் தாய்மாமன் முறைக்குக் காப்புப் போடவேணும்" என்று நண்பன் கேட்டிருந்தான். பன்னிரண்டரைக்குள் நல்ல நேரம்.

நான் கணக்குப் போட்டேன். வின்டர்தூருக்குப் பக்கத்துத் திடலில் காலையில் சுடுவது, அங்கிருந்து பஸ்ஸில் அன்ரி வீடு. துவக்கைத் தனியே எங்கும் விடக்கூடாது என்பது விதி. அன்ரி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்பது சத்தியம். இரண்டையும் காப்பாற்ற நான் கண்டுபிடித்த வழி, முதல்நாள் ஒரு கடையில் வாங்கிய கீபோர்ட் பை. துவக்கின் பிடியை மடித்தால் கச்சிதமாக உள்ளே போனது. சுட்டு முடிந்ததும் உள்ளே இருக்கும் பூட்டுத் துண்டைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் இரும்புத்தடி. இரும்புத்தடி கொண்டுவரக்கூடாது என்று அன்ரி சொல்லவில்லையே என்று பஸ்ஸில் எனக்கு நானே வாதாடி வென்றும் விட்டேன்.

வாசலில் முப்பது சோடிச் சப்பாத்து. உள்ளே சாம்பிராணி, கத்தரிக்காய்ப் பால்கறி, குழந்தைப் பவுடர். ஐயர் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் பையைத் தோளில் போட்டபடி கதிரையில் இருந்தேன். அதாவது இருக்க முயன்றேன்.

"தம்பி கீபோர்ட் எல்லாம் வாசிப்பீரோ?" கோயில் பஜனையில் பாடும் ஒரு அண்ணை கேட்டார்.

"இப்பதான் பழகிறன், அண்ணை."

"அப்ப காப்புப் போட்ட கையோட ஒண்டு வாசியும். நான் பாடுறன்."

"கரண்டு வயரை விட்டிட்டு வந்திட்டன்."

"அதுக்கென்ன, என்ர காருக்குள்ள ஒண்டு கிடக்கு!"

எழும்பிக் கழிவறைக்குப் போனேன், பையோடு. பின்னால் நண்பனின் குரல்: "டேய் மச்சான், கீபோர்ட்டுக்கும் அவசரமோடா?" வீடே சிரித்தது. நானும் உள்ளே நின்று சிரித்தேன். பெரிய கலைஞர்களுக்கு வாத்தியத்தைப் பிரிய மனம் வராது என்று வெளியே வந்து ஒரு விளக்கமும் கொடுத்தேன். நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது அன்ரி பாயாசக் கரண்டியோடு என்னைக் கடந்து போனா. இரண்டு அடி போய் நின்றா. திரும்பி வந்து என் தோளுக்குப் பக்கத்தில் மூச்சை இழுத்தா.

"குசினிக்கு வா."

போனேன். கதவைச் சாத்தினா.

"அதுக்குள்ள என்ன?"

"கீபோர்ட், அன்ரி."

"திற."

நான் திறக்கவில்லை. நிலத்தைப் பார்த்தேன். நிலம் நல்ல துப்புரவாக இருந்தது.

"எனக்கு அந்த எண்ணெய் மணம் தெரியும்," என்றா. பிறகு அடுப்பைக் குறைத்தா. எனக்குப் பேச்சு விழப்போகிறது, ஆனால் பாயாசம் அடிப்பிடிக்கக் கூடாது.

"அங்க, ஊரில, சண்டை நேரம் எங்கட வீட்டுக்கு எல்லாரும் வந்தவங்கள். ஒரு பகுதி போக மற்றப் பகுதி. எல்லாரும் தண்ணிதான் கேட்டவங்கள். வாசல் சுவரில சாத்திவைச்சிட்டு வாங்கிக் குடிச்சவங்கள். அதை வெளியில வையுங்கோ எண்டு சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரேல்லை. இஞ்ச வந்து, சொந்தமா ஒரு கதவு கிடைச்ச பிறகுதான் சொன்னனான். அதுவும் உன்னட்டை மட்டும்தான் சொன்னனான்."

"அன்ரி..."

"அவங்கள் காட்டிக்கொண்டு வந்தவங்கள். நீ ஒளிச்சுக்கொண்டு வந்திருக்கிறாய்."

எனக்கு வாயில் எப்போதும் ஒரு பகிடி தயாராக இருக்கும். பரீட்சையில் தோற்றபோது, வேலை போனபோது, அம்மாவின் செத்தவீட்டில்கூட ஒன்று வந்தது. அன்றைக்கு வரவில்லை.

"நான் போறன், அன்ரி."

"ஆர் உன்னைப் போகச் சொன்னது? காப்பு ஆர் போடுறது, உன்ர கீபோர்ட்டோ?" சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா. பன்னிரண்டு இருபது. "கீழ சைக்கிள் விடுற அறையில வை."

"தனிய விடேலாது, அன்ரி. விதி."

"கார்?"

"பஸ்ஸில வந்தனான்."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு மறுமொழி இருக்கு, புத்திதான் இல்லை. ஆராவது பக்கத்தில இருந்தாச் சரியோ?"

"ஓம்," என்றேன். விதிப் புத்தகத்தை விரித்தால் அதுவும் சரியில்லை என்றுதான் இருக்கும். ஆனால் அந்தக் குசினியில் வேறு புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்ரி அடுப்பை நிறுத்தினா. குசினியிலிருந்து பல்கணிக்குப் போகும் கண்ணாடிக் கதவைத் திறந்தா. "கொண்டா." கறிவேப்பிலைச் சாடிக்கு அப்பால், சுவரோடு சாத்தி வைக்கச் சொன்னா. தானே ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, பைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா. கை இரண்டையும் சீலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தா.

"நீங்கள் வந்து பாக்கவேண்டாமோ, அன்ரி? பேத்திக்குக் காப்புப் போடேக்க?"

"நான் முப்பத்தொரு நாளாப் பாக்கிறன். நீ போ. கையைக் கழுவு. ரெண்டு தரம்."

மூன்று தரம் கழுவினேன், பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால். அதற்கிடையில் "மாமன் எங்க, மாமன் எங்க" என்று ஐயர் கத்தத் தொடங்கிவிட்டார்.

பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். கையை விரித்துக் காப்புப் போடலாம் என்று பார்த்தால் அவள் குத்துச்சண்டைக்காரி மாதிரி முஷ்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் விரலாகப் பிரித்தேன். அந்தச் சின்ன உள்ளங்கையில் என் கையின் எண்ணெய் மணம் ஒட்டிவிடுமோ என்று பயமாக இருந்தது. காப்பு ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"படம் எடுக்கப் போறம், அம்மா எங்க?" நண்பன் கேட்டான்.

"பாயாசம் பாக்கிறா," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். குசினிக் கதவு இப்போது திறந்து கிடந்தது. கண்ணாடிக்கு அப்பால் அன்ரியின் முதுகு தெரியவில்லை, முகம் தெரிந்தது. கதிரையை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டிருந்தா. எக்கி, கழுத்தை நீட்டி, யாரோ ஒரு மாமியின் தோளுக்கு மேலால் பார்க்க முயன்றுகொண்டிருந்தா. எழும்பினால் நன்றாகத் தெரிந்திருக்கும். எழும்பவில்லை.

நான் பல்கணிக்குப் போனதும் கேட்டது ஒன்றுதான்: "அழுதவளோ?"

"இல்லை அன்ரி. எனக்குக் குத்தப் பாத்தவள்."

"நல்லது," என்றா. கதிரையை விட்டு எழும்பி, சீலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு உள்ளே போனா. பத்து நிமிடத்தில் எனக்கு வாழையிலையில் சாப்பாடு பல்கணிக்கு வந்தது. விருந்தில் அத்தனை பேர் இருக்க, கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் துவக்கோடு தனியே இருந்து மூன்று வடை சாப்பிட்ட ஒரே தாய்மாமன் நானாகத்தான் இருப்பேன்.

புறப்படும்போது அன்ரி வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: "பிள்ளையின்ர முதலாம் பிறந்தநாளுக்கு நீ வாசிக்கோணும். இந்தப் பையோட வராதை. கீபோர்ட்டோட வா."

பஜனை அண்ணை கைதட்டினார்.

துவக்கை வீட்டில் வைக்காமல் படைக் கிடங்கிலேயே விடலாம் என்பது எனக்கு முன்பே தெரியும். ஒரு படிவம் நிரப்பவேண்டும் என்பதுதான் என்னைத் தடுத்தது. அடுத்த கிழமை நிரப்பினேன். ஐந்து நிமிட வேலை. பிறகு பழைய கீபோர்ட் ஒன்று வாங்கி, ஆறு வயதுப் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து பழகினேன். என் முழங்கால் மட்டும்தான் அந்த வகுப்பில் தாளத்தோடு சத்தம் போட்டது. பிறந்தநாள் பாட்டு ஒன்று கைக்கு வந்தது. வேறு எதுவும் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அதையே வாசிக்கிறேன்.

இந்த முறை அவளுக்குப் பதினான்கு. கேக் வெட்ட முதல் யாரோ பழைய அல்பத்தை எடுத்தார்கள். காப்புப் போட்ட அன்று எடுத்த அந்தப் படத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். ஐயர், நண்பன், அவன் மனைவி, தலைமயிரோடு நான், பஜனை அண்ணையின் அரைவாசி.

"அப்பம்மா, இதில நீங்கள் ஏன் இல்லை?" பிள்ளை கேட்டாள்.

வருடா வருடம் யாராவது கேட்கும் கேள்விதான். அன்ரி வருடா வருடம் சொல்லும் மறுமொழிதான். "பாயாசம் கிண்டிக்கொண்டு நிண்டனான்."

நண்பனுக்கு இன்றுவரை தெரியாது. இந்த முறை எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். "அது என்னெண்டால் பிள்ளை, அண்டைக்கு நான்..."

"நீ கதையாதை," என்றா அன்ரி, அல்பத்தை மூடிக்கொண்டே. "வாசி."

வாசித்தேன். மூன்று இடத்தில் பிழைத்தது.