மிதக்கும் காரும் குலுக்கும் காரும்

1. வாசலில் இரண்டு கார்

பாலக்காட்டு எல்லையோரம் எருத்தேன்பதியில் கடலை மண்டி வைத்திருந்த காதர் ராவுத்தரிடம் நான் டிரைவராகச் சேர்ந்த முதல் நாள், வாசலில் இரண்டு கார் நின்றது. இரண்டுமே பழைய வண்டி. பாலக்காட்டு புரோக்கர் ஓட்டிப் பார்க்க விட்டுப் போயிருந்தார். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

ஒன்று பெரிய அமெரிக்கக் கார். சோபா மாதிரி சீட், இளக்கமான ஸ்பிரிங். இன்னொன்று சின்னது, உயரம் குறைவு, ஸ்பிரிங் விறைப்பு. கேரளம் தனி மாநிலமாகி அதிக நாள் ஆகாத காலம். எங்கள் பக்கம் கார் வைத்திருந்தவர்களே சிலர்தான்.

முதலாளிக்குக் கார் ஆடம்பரத்துக்கு அல்ல. அவர் மனைவி மைமூனம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டவர். பஸ்ஸில் உட்கார முடியாது. அவருடைய அம்மா பொள்ளாச்சியில் படுத்த படுக்கை. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மகள் போய்ப் பார்க்கவே இல்லை.

“இவளுக்கு வலிக்காத வண்டி எதுன்னு பார்த்துச் சொல்லோணும், ஆறுமுகம்,” என்றார் முதலாளி. “அதுதான் உனக்கு மொத வேலை.”

2. புளியமரம்

முதலில் பெரிய காரை எடுத்தேன். முதலாளி என் பக்கத்தில், மைமூனம்மா பின்னால். கோபாலபுரம் வரைக்கும் மண் ரோடு, வண்டித்தடம் பள்ளம் பள்ளமாக இருக்கும். அதில் கார் தொட்டில் மாதிரி போனது. பின்னாலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. முதலாளி முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மாநில எல்லைச் செக்போஸ்ட் தாண்டினால் தார் ரோடு, நேராகப் போகும். “நல்லா உட்டுப் பாரு,” என்றார். ஐம்பது மைல் வேகம் தொட்டதும் வண்டி மிதக்க ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். மேடு ஏறி இறங்கினால், இறங்கிய பிறகும் இரண்டு மூன்று தரம் ஆடி அடங்கும்.

அந்த நேரம் பார்த்து, தோப்புக்குள்ளிருந்து ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தேன். காரின் மூக்கு திரும்பிவிட்டது, பின்பக்கம் திரும்பாமல் வெளியே தள்ளிக்கொண்டு போனது. கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணில் இறங்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

வண்டிக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: “ஏனுங்க, ரோட்டுல மனுசன் வர மாட்டான்னு நெனச்சுட்டீங்களா?”

மைமூனம்மா கதவோடு மோதிக் கிடந்தார். கதவைத் திறந்ததும் வெளியே தலை நீட்டி வாந்தியெடுத்தார். முதலாளி இறங்கி ஓடிவந்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்தார். பொள்ளாச்சி போகாமலே திரும்பினோம்.

3. தேர்வு

மைமூனம்மாவுக்கு உடம்பு தேறியதும் சின்னக் காரில் புறப்பட்டோம். மண் ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் குத்தியது. “யா அல்லா” என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். நான் மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கியும் பெரிதாக மாற்றமில்லை. ஆனால் தார் ரோட்டில் அதே ஐம்பதில் கார் ரோட்டை ஒட்டிப் பிடித்துக்கொண்டு போனது. ஆட்டுக்கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. ஒடித்தேன், திரும்பியது. நேராக்கினேன், நேராகிவிட்டது. அன்றைக்குப் பொள்ளாச்சியில், கட்டிலில் கிடந்த அம்மாவின் கையை மகள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வாசலிலிருந்து பார்த்தேன்.

வீடு திரும்பியதும் முதலாளி சொன்னார்: “பெரிய வண்டியே இருக்கட்டும். ஆறுமுகம் பதனமா ஓட்டுவான். இதுல நீ படற பாட்டைப் பார்க்க முடியல.”

“ஏனுங்க, உக்கார்றது நானுங்க,” என்றார் மைமூனம்மா. “இதுல பள்ளம் வர்றது முன்னாடியே தெரியுது. புடிச்சுக்குவேன், வலிச்சாத் தாங்கிக்குவேன். அதுல எப்பப் புடிச்சுக்கறதுன்னே தெரியல. வலி இல்ல, ஆனா வழி பூரா பயம். பயந்துட்டு எத்தன நாளைக்கு அம்மாவப் பார்க்கப் போவேன்?”

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்குப் பெரிய கார்மேல் ஆசை இருந்தது. ஆனாலும், “அவங்க சொல்றதுதானுங்க சரி,” என்றேன். “குலுக்கலைக் கொறைக்க ஒரு வழி இருக்குதுங்க. பின் சீட்டு பின் ஆக்சில் மேலயே இருக்குது, அதான் அந்த அடி. முன்னால உக்காந்தா பாதி கொறையும்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. முதலாளி வீட்டு அம்மா டிரைவர் பக்கத்தில் உட்காருவதா? அந்தக் காலத்தில் அது நடக்கிற காரியம் இல்லை.

முதலாளி சின்னக் காரை ஒரு சுற்று சுற்றி வந்து கேட்டார்: “எனக்கு ஓட்டச் சொல்லித் தருவியா?”

4. பின் சீட்டில் நான்

முதலாளி சின்னக் காரையே வாங்கினார். கடலை மண்டியை மச்சானிடம் விட்டுவிட்டு, மழைக்காலம் முடிவதற்குள் கற்றுக்கொண்டார். கியர் போடும்போதெல்லாம் அவருக்கு வியர்க்கும். மைமூனம்மா இலவம்பஞ்சு மெத்தை ஒன்று தைத்து முன் சீட்டில் போட்டுக்கொண்டார். ஞாயிறுதோறும் பொள்ளாச்சி. முதலாளி ஓட்ட, மைமூனம்மா பக்கத்தில். வழியில் ரிப்பேர் வந்தால் பார்க்க நான் பின்னால். மைமூனம்மாவின் அம்மா கண் மூடும் வரை ஒரு வாரம்கூட அவர்கள் தவறவிடவில்லை.

முதல் ஞாயிறு மண் ரோட்டில் என் தலை கூரையில் முட்டியது. “ஆறுமுகம், எப்படி இருக்குது?” என்று மைமூனம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முதலாளியிடம் சேர்வதற்கு முன்பிருந்தே “லேசான பள்ளம்” என்று நினைத்து ஓட்டியதெல்லாம் பின்னால் எப்படி விழுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு பல பேருக்கு வண்டி ஓட்டினேன், பல பேருக்கு ஓட்டச் சொல்லியும் கொடுத்தேன். கார் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் ஸ்டியரிங்கை முதலில் கொடுக்க மாட்டேன். அந்த வீட்டில் யாருக்கு உடம்பு முடியாதோ அவரைக் கூட்டி வரச் சொல்லி, முதலில் அவரை ஏற்றி எது தோதென்று கேட்டுவிட்டு, அவர் எங்கே உட்காருவாரோ அங்கே வாங்குகிறவரை உட்கார வைத்து, நான் ஓட்டிக் காட்டுவேன்.