நாற்பத்தொரு டிகிரியில் காடை முட்டைகள்

பொரிக்காமல் போன காடை முட்டையை உடைத்தால் வருகிற நாற்றம் சோப்புக்கு மசியாது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பார்த்தேன். அப்படியும் சோற்றில் கை வைத்தால் குமட்டியது. அந்த நாற்றத்தில் பாதிதான் முட்டையுடையது. மீதி என்னுடையது.

இன்குபேட்டர் என் மனைவி வாங்கியது. மில்லில் எனக்கு வேலை நின்றபிறகு, யாரையும் கேட்காமல், இருநூறு முட்டை பிடிக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கிப் பின்னறையில் வைத்தாள். மகளிர் குழுவில் சிரித்தார்களாம். "மொதல்ல நாலு குஞ்சு பொரிச்சுக் காட்டுங்க அக்கா, அப்புறம் பார்க்கலாம்" என்றார்களாம். அதிலிருந்து அவளுக்கு அந்த இருநூறு முட்டைதான் மானப்பிரச்சினை. பதினாலு நாள், காலையும் மாலையும் ஒவ்வொரு முட்டையையும் திருப்பி வைத்தாள். பதினைந்தாம் நாளிலிருந்து திருப்பக் கூடாது, பொரிக்கிறவரை பெட்டியைத் திறக்கவும் கூடாது. பார்த்து, அன்றைக்கே கொடுமுடியில் ஒரு விசேஷம்.

"ஏனுங்க, முப்பத்தேழரைல நிக்குது. அப்படியே நிக்கட்டும். மூடியத் தொறக்காதீங்க, பட்டனத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு சிங்காநல்லூரில் பஸ் ஏறப் போனாள். அவ்வளவுதான் எனக்கு வேலை. சும்மா இருப்பது.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர். பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். அங்கே குஞ்சுகள் வேனில் வந்து இறங்கும். முட்டை பொரிந்து அவர் பார்த்ததே இல்லை. ஆனால் கோழி என்று பேச்செடுத்தால் ஊரே அவரிடம் வாயை மூடிக்கொள்ளும். நேராகப் பின்னறைக்குப் போய் மூடியைத் தூக்கினார். இரண்டு முட்டையை எடுத்துக் காதில் வைத்து ஆட்டினார்.

"கோழி ஒடம்புச் சூடே நாப்பத்தொண்ணுங்க. இது என்னங்க, வெதுவெதுன்னு? நாப்பத்தொண்ணு வச்சுப்போடுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே பட்டனை அழுத்தினார்.

நான் "சரிங்க" என்றேன். சம்பந்தி வைத்ததை அவர் கண் முன்னால் எப்படி மாற்றுவது?

பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காபி குடித்தார். இலை போட்டேன், சாப்பிட்டார். பெட்டிக்குள் எண் ஏறிக்கொண்டே போய் நாற்பத்தொன்றில் நின்றது. அவர் கை கழுவ எழுந்தபோது ஓடிப்போய்ப் பட்டனில் விரல் வைத்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. துண்டை எடுத்துப் பெட்டியின் கண்ணாடியைத் துடைப்பதுபோலத் துடைத்தேன். ஐம்பத்தெட்டு வயது ஆள். நினைத்தால் இன்றைக்கும் என் மேல் காறித் துப்பலாம்போல இருக்கிறது.

மூன்றரைக்குக் கிளம்பினார். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் குறைத்தேன். மனைவி வந்ததும் பெட்டியைப் பார்த்தாள், முப்பத்தேழரை. "தொடலீங்கல்ல?" என்று கேட்டாள். "நான் தொடலை" என்றேன். சூட்டை ஏற்றியது நான் இல்லையே!

பதினெட்டாம் நாள் ஒரு கீச்சுச் சத்தமும் இல்லை. இருபதாம் நாள் வரை பார்த்துவிட்டு, "ஒடச்சுப் பாத்துரலாமுங்க" என்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் எடுத்துக் கொடுக்க, நான் உடைத்துப் பக்கெட்டில் போட்டேன். சிலது வெறும் கூழ். மற்றதிலெல்லாம் முழுக் குஞ்சு, கோடு விழுந்த ரோமம், அலகு, நகம் எல்லாம் வளர்ந்து, பச்சை நிறத் தண்ணீரில் சுருண்டு கிடந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தாள். "நான் எங்கீங்க தப்புப் பண்ணுனேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் அடுத்த முட்டையை உடைத்தேன்.

அப்போது போன் அடித்தது. என் கை அந்த லட்சணத்தில் இருந்ததால் அவள்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

"குஞ்சு பொரிச்சுதுங்களா சம்பந்தி? அன்னிக்கு நான் வச்சுட்டு வந்த நாப்பத்தொண்ணு சூட்டுக்கு நல்லாப் பொரிச்சிருக்கோணுமே?"

"ஆமாங்க. நல்லாப் பொரிச்சுதுங்க" என்றேன். பக்கெட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அண்ணா, ஒண்ணுகூடப் பொரிக்கலீங்க. நாப்பத்தொண்ணு ஆகாதுங்க, முப்பத்தேழரைதானுங்க. எல்லாம் உள்ளயே செத்துப்போச்சுங்க."



"அடக் கடவுளே! எனக்குத் தெரியலீங்க அம்மணி. சம்பந்தி அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையே வச்சிருக்க மாட்டேனுங்களே" என்றார்.

அவள் போனை வைத்துவிட்டுப் பக்கெட்டைத் தூக்கினாள். நான் கொண்டுபோய்க் கொட்டுகிறேன் என்று கை நீட்டினேன்.

"வேண்டாமுங்க. நீங்க தொடாதீங்க" என்றாள்.