அவள் யார் சாடை?

பிறக்கும் முன்போ பிறந்த கையோடோ குழந்தையைப் பறிகொடுத்தவர்களின் பக்கத்தில் உட்காருவது என் வேலை. அதில் பாதி, வாயை மூடிக்கொண்டிருப்பது. துக்கம் விசாரிக்கப் போய், "விடும்மா, இன்னொண்ணு பொறக்கும்" என்று உளறிவிட்டு, வழியெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டவரா நீங்கள்? வாருங்கள், நம் கட்சிதான்.

வளையல் சத்தம்

தமிழ் பேச ஆள் வேண்டும் என்று பவானிபூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வங்காளி நர்ஸ் தீதி கூப்பிட்டாள். வெளியே மழை, வார்டே தண்ணீருக்குள் இருப்பதுபோல் மங்கலாகக் கிடந்தது. கவிதாவுக்கு எட்டாம் மாதம். வயிற்றிலேயே இறந்துவிட்ட பெண் குழந்தை அன்று காலை பிறந்திருந்தது. பார்க்க வேண்டும் என்றாள். கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் செந்தில், "பாக்காத கவிதா, தாங்கமாட்ட" என்று மறித்தார். பார்க்காமல் விட்டவர்கள் பிறகு படும் பாடு எனக்குத் தெரியும். கேட்பவளே முடிவு செய்யட்டும் என்றேன்.

துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். செந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கவிதா அழவில்லை. கையிலிருந்த வளைகாப்பு வளையல்களைக் குழந்தையின் காதருகே மெல்லக் குலுக்கினாள்.

"இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும் மேடம்."

விசேஷம்

குழந்தை இல்லை என்பது மார்புக்குத் தெரியாதே. கவிதாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்று ஊரிலிருந்து அவள் அம்மா போனில் சொன்னார். நான் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தபோது, செந்தில் லேக் மார்க்கெட்டிலிருந்து நனைந்துகொண்டே வந்து பொட்டலத்தைப் பிரித்தார். வீடு முழுக்கக் கல்யாண வாசனை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"பூக்காரம்மா நம்ம ஊரு, மேடம். வீட்ல விசேஷமான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

பார்க்காத முகம்

சில நாள் கழித்து செந்தில் கார்டன் ரீச் தளத்திலிருந்து போன் செய்தார். பின்னால் ஒரு கப்பல் சங்கு நீளமாக ஊதி ஓய்ந்தது. குழந்தையைப் புதைக்கக் கொண்டுபோனவர் அவர்தான். அப்போதும் துணியை விலக்கிப் பார்க்கவில்லையாம். "அவ யார் சாடை மேடம்?" என்றார்.

சொல்லிவிடத் துடித்தேன்; விழுங்கிக்கொண்டு, கவிதாவிடம் கேட்கச் சொன்னேன். "பாக்காதன்னு சொன்னவனே நான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?" என்றார். "இதே மூஞ்சியதான். யாராச்சும் கேக்கமாட்டாங்களான்னு அவ காத்துக்கிட்டிருக்கா" என்றேன்.

மறுநாள் கவிதா பேசினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று குரலில் பிடிபடவில்லை.

"கேட்டாரு மேடம். நெத்தி, மூக்கு, காது வரைக்கும் சொன்னேன். கால் விரல நாளைக்கு வச்சிக்கலாம்னாரு."

ஒரு முழ நீளக் குழந்தையைச் சொல்லி முடிக்க அவர்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. பயிற்சியில் நான் உருப்போட்ட ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட அதில் செலவாகவில்லை.