துரையின் கூண்டுத் தாழ்ப்பாள்

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க ஓர் இரும்புத் துண்டை வைத்திருக்கிறேன். உள்ளங்கை நீளம். ஒரு முனை தேய்ந்து வழவழப்பாக இருக்கும். பார்க்கிறவர்கள் ஏதோ லாரி சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஒரு மனிதக்குரங்குக் கூண்டின் தாழ்ப்பாள் நாக்கு. அண்ணி கழற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளில் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில் ஒரு முதலாளிக்குப் பெரிய தோட்டம் இருந்தது. மான், மயில், முதலை என்று வளர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விடுவார். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கேட்டில் டிக்கெட் கிழிக்கிற வேலை. அண்ணன் காய்ச்சலில் போன பிறகு அண்ணிக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. நொடித்துப்போன ஒரு சர்க்கஸிலிருந்து முதலாளி வாங்கிவந்த சிம்பன்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்திறங்கிய அன்று கோட்டு போட்டிருந்ததால் அதற்குத் துரை என்று பெயர் விழுந்துவிட்டது. தோட்டத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை.

துரையின் கூண்டு சிமெண்டுத் தரை, இரண்டு பக்கம் கம்பி, மேலே தகரம், நடுவில் தொங்கும் ஒரு டயர், அவ்வளவுதான். "இன்னா தொர, கஞ்சி எறங்கலியா? மாமியார் வூட்டு மாப்ள மாதிரி மொறைச்சிகினு கீற!" என்று அண்ணி கம்பிக்கு வெளியே குந்திக்கொண்டு கேட்பார். பொழுது சாய்ந்ததும் கதவைத் தள்ளிச் சாத்துவார். துரையும் உள்ளிருந்து கையைக் கொடுத்து இழுக்கும். நாக்கு விழும். டக். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கோணியைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொள்ளும். கேட்காத வரையில் படுக்காது.

ஒருநாள் பார்க்க வந்த மாட்டு டாக்டர், "இது கூண்டு இல்ல சார், ஜெயில்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரிதான். அண்ணிக்கும் சந்தோஷம். கூண்டுக்கு எதிரிலேயே மண்ணைக் கொட்டித் தீவு மாதிரி மேடாக்கி, மரம் நட்டு, சுற்றிலும் அகழி வெட்டித் தண்ணீர் விட்டார்கள். மனிதக்குரங்குக்கு நீந்தத் தெரியாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் காவல். துரையைப் பலகை வழியாகக் கூட்டிப்போய்விட்டுப் பலகையை எடுத்துவிட்டார்கள். ஒதுங்க ஒரு கொட்டகையும் இருந்தது. அதற்குக் கதவு வைக்கவில்லை. கதவே கூடாது என்பதுதானே யோசனை.

காலிக் கூண்டை என்ன செய்வது என்று ஆளுக்கொரு பேச்சு. கம்பியை அறுத்து எடைக்குப் போடலாம் என்றார் கணக்குப்பிள்ளை. டீயும் போண்டாவும் போடலாம் என்றார் இன்னொருவர். கடைசியில் மேனேஜர் தாம்பரத்திலிருந்து ஒரு போட்டோக்காரரைக் கூட்டிவந்தார். குடும்பத்தோடு கூண்டுக்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் அள்ளியது. "மச்சான், நீ போஸே குடுக்க வேணாம், சும்மா நில்லு, கரெக்டா கீது" என்று ஒருவன் தன் மைத்துனனை உள்ளே தள்ளினான். எல்லாரும் சிரித்தார்கள். படம் நிஜம் மாதிரி இருக்கவேண்டும் என்று போட்டோக்காரர் ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்துவார். டக்.

குழந்தைகளின் விரல் கதவில் நசுங்கிவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அண்ணி அகழிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டக்குக்கும் துரை மரத்தடியிலிருந்து எழுந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்தது. மூன்றாவது ஞாயிறு கணுக்கால் வரை இறங்கியது. அதற்கடுத்த வாரம் சாயங்காலம் மார்பு வரை. அண்ணி கையிலிருந்த முறத்தைத் தண்ணீரில் அடித்துக் கத்தினார், "போ தொர! உள்ள போ!" அது அண்ணியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து கரையேறியது. வேடிக்கை என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

அண்ணி மேனேஜரிடம் போனார். "சார், படம் எடுத்துக்கோங்க. கதவ மட்டும் சாத்தாதீங்க. வூட்டுக்குக் கூப்புடுறாங்கன்னு அது வருது சார். முழுகிடும்."

"ஏம்மா, ஜெயில் ஜெயில்னு சொன்னீங்க, தொறந்து விட்டாச்சு. இப்ப என்ன, ஜெயில் வேணும்ங்கிறியா?"

"தொறந்து வுட்டீங்க, சரி. சாத்துற சத்தத்த அது காதுலேந்து எடுத்தீங்களா?"

மேனேஜர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தோட்டத்துக்கு விடுமுறை. சைக்கிள் கடையில் ஸ்பேனர் இரவல் வாங்கிவந்து அண்ணி நாக்கைக் கழற்றினார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "வேணாம் அண்ணி, ரூம் பூடும் அண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "தெரியும் தம்பி. இந்தக் கம்பியப் புடி" என்றார். பிடித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு போட்டோக்காரர் தள்ளிய கதவு சத்தமில்லாமல் போய் நின்று, தானாகவே திரும்பி வந்தது. துரை மரத்தடியை விட்டு எழவில்லை. யார் செய்தது என்று விசாரித்தார்கள். அண்ணி மறைக்கவில்லை. சாமானை எடுத்துக்கொண்டு பொழிச்சலூரில் ஓர் ஓலை வீட்டுக்குப் போனோம்.

ஐப்பசி மழை முடிந்தபோது தோட்டத்து ஆள் ஒருவனை டீக்கடையில் பார்த்தேன். துரை செத்துவிட்டதாம். தண்ணீரில் இல்லை, சளியில். மழையிலெல்லாம் கொட்டகைக்குள் போகாமல் கூண்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்ததாம். வந்து சொன்னேன். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "முழுகலையே" என்றார். பிறகு கல் பொறுக்கினார். எனக்கும் அழுகை வரவில்லை. கூரை ஒழுகுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கோவிலம்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். அண்ணிக்குக் காது மந்தமாகிவிட்டது. நான் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் சாயங்காலம் கீழே வாட்ச்மேன் இரும்பு கேட்டைச் சாத்தும்போது மட்டும் எப்படியோ தலையைத் தூக்குகிறார். ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார். நான் போய் அந்த கேட்டின் தாழ்ப்பாளில் பழைய துணியைச் சுற்றி வைத்தேன். யாரோ அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். மறுபடி சுற்றினேன். மறுபடி அவிழ்த்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு மேசையிலிருக்கும் இரும்பைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். டக் என்று கீழே கேட்கிறது. அண்ணி தலையைத் தூக்குகிறார். என் கையிலிருப்பது சத்தம் போடுவதில்லை.