ஆறேகால் இறாத்தல் துவக்கு

இரண்டு கிலோ எண்ணூற்று முப்பது கிராம். போன சனிக்கிழமை எங்கள் இரட்டைக்குழல் துவக்கை மூன்று துண்டாகக் கழற்றி, குசினித் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்துக் கூட்டியது. சாட்சி, என் மனைவி சிவமலர். வாங்கிய அன்று கடைக்காரர் சொன்னது ஆறரை இறாத்தல் என்று அவளும், ஆறேகால் என்று நானும் நாற்பது வருடங்களுக்கு மேலாக வாதாடி வந்தோம். ஆறேகால்தான்.

தராசிலிருந்து எடுக்கும்போது குழலில் அந்தப் பழைய எண்ணெய் மணம் இருந்தது. வெரிபீயின் முட்டைக்கோவாத் தோட்டங்களும், எரிந்த மருந்தின் புகையும், ஞாயிற்றுக்கிழமைக் காற்றும் கூடவே வந்துவிட்டன...

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னின் மேற்கே ஒரு வாரப் பத்திரிகையில் எனக்கு நிருபர் வேலை. நகரசபைக் கூட்டம், கால்பந்து, தீ விபத்து என்று நேரம் காலம் இல்லாத ஓட்டம். சிவமலர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவள். அவளுடைய சான்றிதழை இங்கே ஏற்கவில்லை. பகல் முழுவதும் வீட்டில் தனியே இருந்தாள். அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

ஒருநாள் மேசை லாச்சியில் முத்திரை தேடியபோது பயண முகவர் ஒருவரின் கடிதம் கிடைத்தது. கொழும்புக்கு ஒரு வழி டிக்கெட், ஓர் ஆள். அவள் விசாரித்திருக்கிறாள். நான் கடிதத்தை இருந்தபடியே வைத்து லாச்சியை மூடினேன். அது பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

பக்கத்து வீட்டில் சார்லி. மோல்டாக்காரர், தொழிற்சாலையில் வேலை, காடை வேட்டையில் பைத்தியம். ஒரு ஞாயிறு எங்கள் இருவரையும் வெரிபீ பக்கத்துக் கிளப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே பறவை கிடையாது. இயந்திரம் களிமண் தட்டை வானத்தில் எறியும், பறக்கும்போதே சுட வேண்டும். சார்லி தன் துவக்கைச் சிவமலரிடம் கொடுத்து, தோளில் எப்படிப் பதிப்பது என்று காட்டினார். நான்காவது தட்டு தூளாகிப்போனது.

அவள் சிரித்தாள். மெல்பேர்னுக்கு வந்தபின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து துவக்குக் கடைக்குப் போனோம். மேலும் கீழுமாக இரண்டு குழல் வைத்ததுதான் வேண்டும் என்று சார்லி சொல்லி அனுப்பியிருந்தார். காடைக்கும் ஆகும், தட்டுக்கும் ஆகும். சிவமலர் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையோடு நின்று, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஐந்தாவது, பன்னிரண்டு 'போர்' அளவுக் குழல், கைக்கு வந்ததும் அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது.

"இது இறகு மாதிரி இருக்கு."

கடைக்காரர் பல்லிடுக்கில் பேசும் மனிதர். அவர் வேகத்துக்குச் சிவமலர் இன்னும் பழகவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: பாரம் குறைந்த துவக்கு நாள் முழுக்க நடந்து நாலைந்து வெடி வைப்பவனுக்கு. தட்டுக்கு ஒரே நாளில் நூறு வெடி போகும். துவக்கின் பாரம்தான் உதையை வாங்கிக்கொள்ளும், பாரம் இல்லாவிட்டால் தோள் வாங்கும்.

என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள்.

"நல்ல சாமானாம்," என்றேன்.

செய்தியில் பாதியை விட்டு எழுதினால் ஆசிரியர் கிழித்துப்போடுவார். அன்று நான் விட்டது பாதிக்கும் மேல்.

முதல் ஞாயிறு எழுபத்தைந்து வெடி. நோகிறதா என்று இரண்டு முறை கேட்டேன், இல்லை என்றாள். அடுத்த ஞாயிறு கம்பளிச் சட்டைக்குள் முகம் துடைக்கும் துவாயை நாலாக மடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. திங்கள் காலை கண்ணாடி முன் நின்று இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். சட்டைக் கழுத்தை மெல்ல விலக்கிப் பார்த்தேன். தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"நோகேல்லை எண்டு சொன்னனீர்."

"நீங்கள் ஆசையா வாங்கித் தந்தது."

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. கடைக்காரர் சொன்ன அத்தனையையும் சொன்னேன்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் சிரிச்சுக்கொண்டு நிண்டனீர்."

சீப்பை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பேப்பரிலையும் இப்பிடித்தானோ எழுதுறனீங்கள்?"

நான் லாச்சிக் கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் அந்தக் காலையில்தான். போகிறீரோ என்று கேட்டேன். தெரியாது என்றாள். பிறகு, "துவக்கை மட்டும் விக்கச் சொல்லாதேங்கோ," என்றாள்.

வழி சொன்னவர் சார்லி. அவருடைய பழைய துவக்கு எட்டு இறாத்தலுக்குக் கிட்ட. ஞாயிறுகளில் அதைச் சிவமலருக்குக் கொடுத்தார். காடைக் காலத்தில் எங்கள் ஆறேகாலைத் தூக்கிக்கொண்டு அறுவடை முடிந்த கோதுமை வயல்களில் நடந்தார். அவள் ஒருநாளும் பறவையைச் சுட்டதில்லை. ஆனால் சார்லி துப்புரவாக்கிக் கொண்டுவரும் காடையை, வெள்ளிக்கிழமை தவிர்த்து, எங்கள் கறித்தூள் போட்டுச் சமைத்து அவருக்கும் ஒரு சட்டி கொடுத்துவிடுவாள்.

அந்த வருடக் கடைசியில் பயண முகவரின் கடிதம் மேசைமேல் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் அவள் உடைத்த தட்டுகளின் கணக்கு. இருபத்தைந்தில் நாலு, ஏழு, ஏழு, பதினொன்று, பதினாறு...

இப்போது அந்தக் கோவாத் தோட்டங்களில் வீடுகள். சார்லி இல்லை. அன்றைக்கு இவள் வலியை நான் சீப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு தேத்தண்ணி கொதிக்கும் முன்பே எந்த இடம், எவ்வளவு என்று முழு விபரமும் வந்துவிடுகிறது. சில காலைகளில், அந்த மறைக்கத் தெரிந்த பெண்ணை ஒருதரம் பார்க்க வேண்டும் போல இருக்கும்.

வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. ஸ்கான் சொல்லிவிட்டது. இனித் துவக்குப் பிடிக்கலாமா என்பது மட்டும் தெரியவில்லை. வருகிற வியாழன் காலை பத்தரைக்கு டொக்டர் சொல்வார். அவளுக்குக் காது சற்று மந்தம், அதனால் நான் பக்கத்தில் இருந்து திருப்பிச் சொல்ல வேண்டும்.

முழுதாகச் சொல்ல வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.