கடப்பாரையின் மேல் ஒரு பந்தி

என் மனைவி பிரபாவதிக்குக் கொலை என்று ஒன்று கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். எனக்கோ வேளாவேளைக்குச் சோறு இல்லாமல் ஆகாது. இந்தப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு கல்பாக்கம் குடியிருப்பில் பல வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம், நன்றாகவே நடத்தியிருக்கிறோம்.

என் பெயர் நரசிம்மன். அணு ஆராய்ச்சி நிலையத்து வேலைக்காகக் கரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன், திருப்போரூர்ப் பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டேன். பிரபாவதி செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுத்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். வேறு யாராவது என்றால் கோவளத்து மீனவர்கள் என்று சாதுவாக எதையாவது எடுத்திருப்பார்கள். இவள் எடுத்தது அண்ணன் தம்பிக்குள் நடக்கும் நிலத்தகராறுக் கொலைகள்.

அப்போதுதான் திருப்போரூர்ச் சாலை ஓரம் மனை போட்டு விற்க ஆரம்பித்திருந்தார்கள். நேற்றுவரை ஆடு மேய்ந்த பொட்டலுக்குச் சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து விலை கேட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் வரப்பைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. பிரபாவதி தீர்ப்பு நகல்களைப் படிப்பாள், சிறைக்குப் போய்க் கைதிகளிடம் பேசுவாள். எங்கே போனாலும் என் ஸ்கூட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை மற்றவன் பெண்டாட்டியோடு முட்டுக்காட்டுக்குப் போய்ப் படகு ஏறுவான். நான் எவனோ செத்துப்போன கொல்லையில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எல்லாம் என் தலையெழுத்து.

ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் வருஷக்கணக்கா பகைன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. பாதிக்கு மேல சர்வேயருக்காகக் காத்துகினு இருக்கும்போது நடந்திருக்குதுங்க. அவரு காலையில வரேன்னு சொல்லிட்டு மத்தியானம் வருவாரு. வெறும் வயிறு, வெயிலு, சுத்தி வேடிக்கை பாக்க சொந்தக்காரங்க. எல்லைக்கல்லு நடறதுக்குக் கொண்டாந்த கடப்பாரை பக்கத்துலயே கெடக்கும். பேச்சு முத்தும்போது கை அதுமேலதான் போவுது."

"அப்போ நாலு இட்லி போட்டா கொலை நடக்காதுன்னு எழுதிடு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அன்று சிறையில் ஒருவர், "அந்தக் கடப்பாரை மட்டும் கைக்கு எட்டாத எடத்துல இருந்திருந்தா என் தம்பி இருந்திருப்பாம்மா" என்று சொல்லி அழுதாராம். அதற்குப் பிறகு நானும் கேலி பேசவில்லை.

ஆராய்ச்சி முடிகிற சமயத்தில் அந்தத் தகராறு எங்கள் வீட்டுக்கே வந்தது. மாமனார் காலமாகி, திருப்போரூருக்கு வெளியே இருந்த நிலத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரபாவதிக்கு அண்ணன் ராஜகோபாலன், தம்பி சம்பத். நிலத்தின் நடுவில் ஒரு கிணறு, அது யார் பக்கம் விழும் என்பதுதான் சண்டை. கிணறு அண்ணன் பக்கம் போனால் அவன் வீடு திரும்ப மாட்டான் என்று சம்பத் டீக்கடையில் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அளக்கிற நாளும் குறித்தாகிவிட்டது. ஊரார் வீட்டுச் சாவையெல்லாம் கண் கலங்காமல் எழுதியவள் அடுப்படியில் நின்று அழுதாள்.

"போலீஸ்ல சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

"சொன்னா அவமானத்துல இன்னும் வெறி ஏறும். எத்தினி கேஸ்ல பாத்துட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போனாள்.

அளக்கும் நாளன்று ஒரு அண்டா பொங்கலும் சாம்பாரும் வடையுமாக ஆட்டோவில் போய் இறங்கினோம். சர்வேயர் வரவில்லை. சொந்தக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நின்றிருந்தார்கள். புதர் வெட்ட வைத்திருந்த அரிவாளைப் பிரபாவதி, நிலத்தில் வேலை செய்யும் முனியம்மாவிடம் கொடுத்து வாழையிலை அறுத்து வரச் சொன்னாள். கடப்பாரை கிணற்றோரம் கிடந்தது. அதன்மேல் கோணியை விரித்து, என்னை அதில் உட்கார வைத்து, முதல் இலையை எனக்கே போட்டாள்.

"இன்னா நடந்தாலும் எந்திரிக்காதீங்க. சாப்ட்டுகினே இருங்க" என்றாள் காதோரம்.

ராஜகோபாலன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சம்பத் வரவில்லை. "இந்தாளுகூட நான் குந்தி துண்ணணுமா?" என்று தள்ளி நின்றான். அண்ணன்காரர் பேசாமல் சாப்பிட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? "கெணறு வெட்டும்போது நீ பொறக்கவே இல்லடா" என்றார். சம்பத்தின் முகம் மாறியது. அவன் கண் கடப்பாரை கிடந்த இடத்துக்குப் போனது. கோணிக்கு வெளியே அதன் நுனி கொஞ்சம் தெரிந்தது. நேராக என்னிடம் வந்தான்.

"எந்திரி மாமா."

நான் இலையைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. இன்னொரு வாய் எடுத்து வைத்தேன்.

"எந்திரின்றேன்ல."

பிரபாவதி குறுக்கே வந்து என் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள். "சாப்புடறவர எழுப்பாதடா" என்றாள். குரல் உடைந்திருந்தது.

எப்பேர்ப்பட்ட விரோதியானாலும் இலையில் உட்கார்ந்தவனைப் பாதியில் எழுப்ப நம்மவர்களுக்குக் கை வராது. அதிலும் நான் கூடப் பிறந்தவளின் புருஷன். சம்பத் பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் சாப்ட்டு முடி" என்றான்.

என் ஆயுளில் அவ்வளவு மெதுவாக நான் சாப்பிட்டதில்லை. மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் வைத்தேன். வடையைப் பிட்டுப் பிட்டுத் தின்றேன். வயிறு வெடிக்கிற நிலையில் மறுபடியும் சாம்பார் கேட்டேன். கடப்பாரை தொடையில் அழுத்தி மரத்துப்போயிற்று. தலைக்கு மேல் புஸ் புஸ்ஸென்று கேட்ட மூச்சு மெல்லத் தணிந்தது. கால் வலித்ததோ என்னவோ, சம்பத் குந்தி உட்கார்ந்தான். பிரபாவதி அவன் முன்னால் ஒரு இலை போட்டாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை வைத்தான்.

சர்வேயர் வந்தபோது அண்ணனும் தம்பியும் கிணற்றுத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கிணறு அண்ணன் பக்கம்தான் விழுந்தது. சம்பத் காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனான். அவன் போன பிறகுதான் நான் கோணியைவிட்டு எழுந்தேன். நான் ஏன் அப்படி எழாமல் உட்கார்ந்திருந்தேன் என்று ராஜகோபாலனுக்குக் கடைசிவரை நாங்கள் சொல்லவில்லை.

பிரபாவதியின் வாய்மொழித் தேர்வில், இப்படிக் கொலையைத் தடுத்ததற்கு ஏதாவது உதாரணம் உண்டா என்று கேட்டார்கள். அவள் பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். "நடக்காத கொலைக்குக் கேஸ் நம்பர் கெடையாதுங்க சார்" என்றாள். பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் சம்பத் மகளுக்குக் கல்யாணம். ராஜகோபாலன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தார். காலைப் பந்தியில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சம்பத் தானே பொங்கல் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறி வந்தான். என் இலைக்குக் குனிந்தவன் நிமிரவில்லை.

"மெதுவா சாப்டு மாமா" என்றான் எனக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னிக்கி நீ எந்திரிச்சிருந்தா இவரு இங்க குந்தினு இருக்க மாட்டாரு."

"இன்னாடா சொல்ற அவராண்ட?" என்றார் ராஜகோபாலன்.

"ஒண்ணுமில்ல அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு, அவர் இலையில் இன்னொரு கரண்டி வைத்தான்.