நான் சொல்லிக் கொடுத்த மூன்று சொற்கள்

அத்தைக்கு அவளுடைய ஃபேக்டரி பஸ் ஓட்டிய பஞ்சாபிக்காரரைப் பிடித்திருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. அப்பா தன் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசியே ஒரு மாதம் ஆகியிருந்தது.

அப்போது தீவில், மலையடியில் இருக்கும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. காலையில் அத்தையும் நானும் ஒன்றாகக் கீழே இறங்குவோம். அவளுக்குப் பாலம் தாண்டி, அக்கரையில் பிறை என்ற ஊருக்குப் போகும் பஸ். எனக்குப் பள்ளிக்கூட வேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கும். மலை உச்சி மேகத்துக்குள் இருக்கும். கீழ்க்கடையில் ரொட்டி சுடும் வாசனை வரும். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு முதலில் தெரிவது அந்த நீல பஸ்தான்.

பஞ்சாபிக்காரர் சீக்கிரமே வந்துவிடுவார். பசாரில் வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று ஸ்டியரிங் மேல் விரித்துக் கிடக்கும். பஞ்சாபியும் ஆங்கிலமும் பாரசீகமும் ஆதியில் ஒரே பாஷை, ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்று அதில் போட்டிருந்ததாம். அவருக்கு அது பெரிய விஷயம். பல்லுக்கு அவர் பாஷையில் தந்த். பல் டாக்டர் டெண்டிஸ்ட். பார்த்தாயா, ஒரே வேர் என்பார்.

அவருக்குத் தமிழ் அரைகுறைதான். பல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டார். பல் என்றேன். முகம் வாடிவிட்டது. எனக்குக் கஷ்டமாக இருந்தது. பாடப் புத்தகத்தில் இருந்த யானைப் படம் ஞாபகம் வந்தது. தந்தம் என்றும் சொல்லலாம் என்றேன். உடனே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மறுநாள் பேருக்கு என்ன என்று கேட்டார். நாமம் என்றேன். அம்மாவுக்கு மாதா என்றேன். எல்லாம் கோயிலில் கேட்ட சொற்கள். நான் சொல்லச் சொல்ல அவர் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். அதற்காகவே சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். பெண் கேட்க.

அப்பா நாற்காலி போட்டார். அத்தை அடுப்படி வாசலில் நின்றாள். புக்கிட் மெர்தாஜாமில் இருந்த பெரியப்பா, வேறு இனத்தில் கொடுத்தால் உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அது பஞ்சாபிக்காரருக்கும் தெரியும். அதற்குப் பதிலாகத்தான் தாளை நீட்டினார்.

"பாருங்கண்ணே. நாம வேற வேற இல்ல லா. தந்த், டெண்டிஸ்ட், தந்தம். எல்லாம் ஒரே வேர். ஒரே குடும்பம்."

அப்பா தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரே குடும்பம்னா நீங்க எங்களுக்குப் பங்காளி. என் தங்கச்சிக்கு அண்ணன் முறை. பங்காளிக்குப் பொண்ணு குடுக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்ல."

அவர்கள் ஜனத்திலும் அப்படித்தான் போல. அவர் தாளுக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்தத் தமிழையெல்லாம் யார் சொன்னது என்று அப்பா கேட்டார். பஞ்சாபிக்காரர் என்னைப் பார்த்தார். அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தன் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

பல் என்றால் தாள் பொய்யாகிவிடும். அவர் நம்பி வந்தது அந்தத் தாள் ஒன்றைத்தான். தந்தம் என்றால் அப்பாவிடம் பொய் சொன்னதாகும். அத்தையைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

"பல்லு."

"அப்ப தந்தம்?"

"அது யானைக்குப்பா."

அப்பா சிரிக்கவில்லை. மற்ற இரண்டையும் கேட்டார். பேரு, அம்மா என்றேன்.

"பாத்தீங்களா," என்றார் அவரிடம். "இதெல்லாம் எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்த சொல்லு. நாம பொறந்த இடம் வேற."

அப்பா தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தார். அத்தையிடம் டீ ஊற்றச் சொன்னார். ஒரு மாதத்தில் அவளிடம் பேசியது அதுதான்.

அத்தை ஊற்றினாள். பாதி கீழே கொட்டியது. என்னால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே அப்பா பெரியப்பாவுக்குப் போன் போட்டுப் பேசுவது கேட்டது.

"விசாரிச்சுட்டேண்ணே. பங்காளி முறை இல்ல. குடுக்கலாம்."

எதைக் கொடுக்கலாம் என்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதேன்.